தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அக்கம்பக்கத்தாரையும் உறவினர்களையும் பல ஆண்டுகளாக அழைத்துப் போய் வருகிறேன். ஓ.பி. வரிசையிலும் வார்டு வாசலிலும் ரயில் பயணத்திலும் ஒரே சந்தேகங்களைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பலர் அந்தச் சந்தேகத்தாலேயே வரத் தயங்கி, நோய் முற்றிய பிறகு வருகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காக இவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

சானடோரியம், டி.பி. ஆஸ்பத்திரி, நெஞ்சக மருத்துவமனை எல்லாம் ஒன்றுதானா? எப்படிப் போவது?

எல்லாம் ஒரே இடம்தான். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து, தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் தாம்பரம் சானடோரியம். இந்த மருத்துவமனையால்தான் அந்த நிலையத்துக்கே அந்தப் பெயர். பஸ்ஸில் வருவதானால் ஜி.எஸ்.டி. சாலையில் சானடோரியம் நிறுத்தம்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். இதே பகுதியில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கான அரசு தலைமை மருத்துவமனையும் 2025இல் தாம்பரத்தில் திறக்கப்பட்டது. மூன்றும் தனித்தனி. காலையில் தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆட்டோ ஓட்டுநரிடம் "டி.பி. ஆஸ்பத்திரி" என்றே சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வெட்கப்பட்டு "சானடோரியம் ஆஸ்பத்திரி" என்று பொதுவாகச் சொன்னால் சித்த மருத்துவமனை வாசலில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம்.

நோயாளிகளை ஒதுக்கி வைக்கத்தானே ஊருக்கு வெளியே கட்டினார்கள்?

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் தொடங்கிய இடம் இது. இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அங்கேயே ஒரு சானடோரியத்தை நடத்திய டாக்டர் சௌரிமுத்து 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் இதைத் தொடங்கினார். நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றைத் தவிர அன்றைய மருத்துவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. காற்றையும் வெளிச்சத்தையும் தேடித்தான் நகரை விட்டு இவ்வளவு தூரம் வந்தார். 1937இல் சென்னை மாகாண அரசு இதை எடுத்துக்கொண்டது.

நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்ததும் சென்னைதான். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படும் சேத்துப்பட்டு மையம் 1956இல் தொடங்கியது. நகரின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான அறை, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவுதான் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறும் முறைக்கு உலகெங்கும் வழி திறந்தது.

அதனால் இன்று அந்த வளாகத்துக்குள் போகும் பெரும்பாலோர் அன்றே மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். "சானடோரியம் போனால் திரும்ப மாட்டார்கள்" என்று பாட்டி காலத்தில் சொன்ன பேச்சை இன்னமும் நம்பி நோயை மறைப்பது பெரிய கொடுமை.

டி.பி. இருந்தால் மட்டும்தான் போக வேண்டுமா? எனக்கு ஆஸ்துமா.

தாராளமாகப் போகலாம். ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், நிமோனியா என நெஞ்சு சார்ந்த எல்லாவற்றுக்கும் அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். டி.பி. குணமான பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவர்களும் அங்கேயே காட்டலாம். நோய் போனாலும் நுரையீரலில் தழும்பு தங்கிவிடும். அந்த மூச்சுத் திணறலுக்கும் மருந்தும் மூச்சுப் பயிற்சியும் உண்டு.

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். கடிதம் எதுவும் இல்லாமல் நேராக அழைத்துப் போகலாமா?

போகலாம். ஓ.பி. சீட்டு போட யாருடைய கடிதமும் வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள். புறநோயாளிகள் பிரிவு காலை நேரத்தில்தான் முழுமையாக இயங்கும். ஆதார் அட்டை, பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, கைபேசி எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் மட்டும் வந்து போகும் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, எடை குறைதல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். தாம்பரம் வரைதான் வர வேண்டும் என்றும் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளி கொடுக்கலாம். மூச்சு முட்டினாலோ, ரத்தமாக இருமினாலோ வரிசையெல்லாம் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

சளி கொடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் எச்சில்தான் வருகிறது. அதையே கொடுத்துவிடலாமா?

கூடாது. பலரின் நோய் கண்டுபிடிக்கப்படாமல் போவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆய்வகத்தில் மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். முதலில் வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளியில் நின்று, ஆழமாக மூச்சை இழுத்து, சில நொடிகள் அடக்கி, மெதுவாக விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, வயிற்றை உள்ளிழுத்து அடி நெஞ்சிலிருந்து இருமினால் கோழை மேலே வரும். கெட்டியாக, மஞ்சளாகவோ வெண்மையாகவோ இருக்கும் அதுதான் வேண்டும். நுரையாகவும் தண்ணீராகவும் இருப்பது எச்சில்.

வழக்கமாக இரண்டு மாதிரி கேட்பார்கள். ஒன்று அங்கேயே கொடுப்பது. மற்றொன்று மறுநாள் காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன், வீட்டிலிருந்து எடுத்து வருவது. இரவு முழுக்க நெஞ்சில் சேர்ந்திருக்கும் சளி என்பதால் காலை மாதிரியில் கிருமி அகப்பட வாய்ப்பு அதிகம். மறுநாள் வர அலுப்பாக இருக்கிறது என்று அதை விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது என்கிறார்கள். பிறகு எதற்குச் சளி?

எக்ஸ்ரே நிழலைக் காட்டும். அந்த நிழல் டி.பி.யாலா, பழைய தழும்பா, வேறு நோயா என்று அது உறுதியாகச் சொல்லாது. சளியில் செய்யும் மரபணுப் பரிசோதனை, காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். வரிசையையும் சேர்த்துக் கணக்கிட்டால் முடிவு கைக்கு வர ஓரிரு நாள் ஆகலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உண்மையிலேயே எல்லாம் இலவசமா?

ஆம். ஓ.பி. சீட்டு, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஆறு மாத மாத்திரை, உள்நோயாளியாகச் சேர்ந்தால் படுக்கையும் உணவும் இலவசம். டி.பி. மாத்திரைக்குக் காப்பீட்டு அட்டைகூடத் தேவையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்; அறுவை சிகிச்சை போன்றவை தேவைப்பட்டால் உதவும். யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கண்காணிப்பாளர் அலுவலகத்தில் சொல்லுங்கள், அல்லது 104க்கு அழையுங்கள்.

எத்தனை மாதம் படுக்க வைப்பார்கள்?

மேலே சொன்னபடி, பெரும்பாலோரைப் படுக்க வைப்பதே இல்லை. உடல் எடை மிக மோசமாகக் குறைந்தவர்கள், மூச்சு வாங்குபவர்கள், துணையில்லாமல் எழுந்து நிற்க முடியாதவர்கள் ஆகியோரைத்தான் உடனே சேர்க்கச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் அடிப்படையே இதுதான்: நோய் உறுதியானதும் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் திறன் மூன்றையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரைத் தாமதிக்காமல் சேர்ப்பது. டி.பி. இறப்புகளில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நேர்கின்றன. ஆகவே மருத்துவர் "சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் "வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போகாதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டு, டம்ளர், துணி எல்லாவற்றையும் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். டி.பி. காற்றில் பரவும் நோய். இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் தொற்றும். தட்டிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வராது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதல் வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணியட்டும், தனியாகத் தூங்கட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

தட்டைப் பிரிப்பதை விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லோரையும், குறிப்பாக ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள். சிலருக்கு ஆறு மாதம் தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம். "நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை" என்று மறுக்கும் தாத்தா பாட்டிகளிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

மாத்திரை சாப்பிட்டதிலிருந்து சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது. சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமாகும். பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளாதல், விடாத வாந்தி, பார்வை மங்குதல், சிவப்பு பச்சை நிறங்களில் தடுமாற்றம், உடம்பு முழுக்கத் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கை கால் எரிச்சலுக்கு வைட்டமின் மாத்திரையும், மூட்டு வலிக்கு வேறு மாத்திரையும் கொடுத்துச் சமாளிப்பார்கள். இந்த ஆறு மாதமும் மதுவைத் தொடவே கூடாது. ஈரல் தாங்காது.

இரண்டு மாதத்தில் இருமல் போய்விட்டது, எடையும் ஏறிவிட்டது. இன்னும் நான்கு மாதம் ஏன் சாப்பிட வேண்டும்?

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை. முதல் கட்டத்தில் வேகமாகப் பெருகும் கிருமிகள் சாகின்றன. அதனால்தான் உடம்பு தெளிகிறது. ஆனால் மந்தமாக ஒளிந்திருக்கும் கிருமிகள் மீதம் இருக்கும். பாதியில் நிறுத்தினால் அவை மறுபடி பெருகும்; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம்.

வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள்தான் அதிகம் நிறுத்துகிறார்கள். காலையில் கிளம்பும் அவசரத்தில் ஒரு நாள் விடும், பிறகு ஒரு வாரம் விடும். மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விளக்கேற்றும்போது எடுத்துக் கொடுக்கும் ஒரு மாமியாரை எனக்குத் தெரியும். மருமகள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திண்டிவனம் பக்கம். மாதா மாதம் தாம்பரம் வர வேண்டுமா?

வேண்டாம். உங்கள் பெயர் நிக்‌ஷய் என்ற தேசியப் பதிவில் ஏறியிருக்கும். அந்தப் பதிவு எண்ணை வைத்து உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாத்திரையை அங்கேயே வாங்கலாம். வேலைக்காக வேறு மாநிலம் போனாலும் அதே எண் செல்லும். பிற மாநிலங்களிலிருந்து வந்து ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும்போது சிகிச்சை விட்டுப்போவது அவர்களுக்குத்தான் அதிகம்.

மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களாமே? எனக்கு வரவில்லை.

சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை அது. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. சிகிச்சைக் காலம் முழுக்க உண்டு. நேராக வங்கிக் கணக்குக்கு வரும். மாதா மாதம் சரியாக வராமல், சில மாதத் தொகை சேர்ந்தும் வரும். வராததற்குப் பெரும்பாலும் கணக்கு எண் பிழையோ, ஆதார் இணைக்காததோ காரணம். உங்களுக்கு மாத்திரை தரும் சுகாதாரப் பார்வையாளரிடம் வங்கிப் புத்தக நகலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கட்டணமில்லா எண் 1800116666இலும் கேட்கலாம்.

டி.பி.க்கு வந்த என்னை ஏன் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்? சந்தேகப்படுகிறார்களா?

எல்லா டி.பி. நோயாளிகளையும் அனுப்புகிறார்கள், சர்க்கரையும் பார்க்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் டி.பி. எளிதில் தலைதூக்கும் என்பதால், இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது. பரிசோதனை நடக்கும் இடத்தின் பெயர் நம்பிக்கை மையம். பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது.

இந்த மருத்துவமனையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் அந்த நோயாளிகளைத் தொடவே பல மருத்துவமனைகள் அஞ்சின. தாம்பரம் 1993இல் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆந்திராவிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி இங்கே வந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஊர் ஒதுக்கியவர்களுக்குப் படுக்கை கொடுத்த இடம் அது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பக்கத்திலேயே சித்த மருத்துவமனை இருக்கிறதே, அந்த மருந்தைச் சாப்பிட்டால் போதாதா?

டி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக எதையும் சாப்பிடக் கூடாது. பசி, சோர்வு, மூட்டு வலி போன்றவற்றுக்குச் சித்த மருந்து எடுப்பதானால் இரு பக்கமும் சொல்லிவிட்டு எடுங்கள். மஞ்சள் காமாலை வந்தால் எந்த மருந்தால் வந்தது என்று கண்டுபிடிக்க அது அவசியம்.

கழுத்தில் கட்டி. இருமலே இல்லை. அதையும் டி.பி. என்கிறார்களே?

உண்மையாக இருக்கலாம். நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, குடல், மூளை உறை என முடி, நகம் தவிர எங்கும் டி.பி. வரலாம். கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். நுரையீரலில் இல்லாத டி.பி. பொதுவாகப் பிறருக்குத் தொற்றாது. மாத்திரை அதேதான். எலும்பு, மூளை என்றால் காலம் ஆறு மாதத்தைத் தாண்டும். நடுவில் கட்டி கொஞ்சம் பெரிதானாலும் மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். மாத்திரை குழந்தையைப் பாதிக்காதா?

வழக்கமான டி.பி. மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் சாப்பிடலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். சிகிச்சை எடுக்காமல் விடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும். சிகிச்சை முடியும் வரை வேறு முறை என்ன என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்.

தனியாரில்தான் பார்த்தேன். அந்த டாக்டர் என் பெயரை அரசுக்குக் கொடுத்துவிட்டார். இது சரியா?

சரிதான். 2012 முதல் டி.பி. நோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது எல்லா மருத்துவர்களுக்கும் கட்டாயம். இதனால் உங்களுக்கு நன்மையே: இலவச மாத்திரை, மேலே சொன்ன 1,000 ரூபாய், வீட்டாருக்குப் பரிசோதனை எல்லாம் இந்தப் பதிவின் வழியாகத்தான் கிடைக்கும். தனியார் மருத்துவரிடமே தொடர்ந்து காட்டலாம். மாத்திரையை மட்டும் அரசிடம் வாங்கலாம்.

மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். இனி வழியே இல்லையா?

இருக்கிறது. முன்பு இரண்டு ஆண்டு வரை, தினமும் ஊசியுடன் சிகிச்சை நீண்டது. இப்போது பெடாகுவிலின் உள்ளிட்ட புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. நான்கு மருந்துகள் கொண்ட ஆறு மாத முறைக்கு 2024இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. யாருக்கு எந்த முறை என்பதைப் பரிசோதனை முடிவு, வயது, மற்ற நோய்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். தொடக்கத்தில் இதயத் துடிப்பு, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்காகச் சில நாள் சேரச் சொல்லலாம். வெளியில் பல லட்சம் ஆகக்கூடிய மருந்துகள் இங்கே இலவசம்.

மூன்று வருடத்துக்கு முன்பே குணமாகிவிட்டது. ஆனால் துபாய் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரேயைப் பார்த்து நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

இதற்கு மட்டும் ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. எக்ஸ்ரேயில் தெரிவது பழைய தழும்பு, நோய் அல்ல. தழும்பை எந்த மாத்திரையாலும் அழிக்க முடியாது. வளைகுடா நாடுகளின் விதி வழக்கமாகப் பழைய தழும்பையும் ஏற்பதில்லை. நம் ஊர் மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழ் அதை மாற்றாது. "தழும்பை மறைத்து எக்ஸ்ரே எடுத்துத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் முகவர்களிடம் ஏமாறாதீர்கள். போய் இறங்கியதும் அங்கே மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். பிடிபட்டால் கடன் வாங்கிக் கட்டிய பணமும் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சிகிச்சையை முழுதாக முடித்ததற்கான சான்றையும் கடைசிச் சளிப் பரிசோதனை முடிவையும் மருத்துவமனையிலிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு வேலைகளுக்கும், தழும்பைத் தனியாகவும் நோயைத் தனியாகவும் பார்க்கும் நாடுகளின் விசாவுக்கும் அந்தத் தாள்கள் பயன்படும். சிகிச்சை முடித்தவர் பெயர் பழைய பதிவில் இருக்கும் என்பதால், தொலைத்திருந்தால் நிக்‌ஷய் எண்ணையோ பழைய ஓ.பி. சீட்டையோ எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.